முற்றம் கூட்டினது கணக்கில் வருமா?

எங்கள் முற்றத்தில் இரண்டு வேம்பு, ஒரு மா, ஒரு பலா. நான்கும் சேர்ந்து கொட்டுகிற சருகைக் கூட்டி அள்ளி, தென்னம்பாத்திக்குள் போட்டு முடிக்க எனக்கு 40 நிமிடம் பிடிக்கும். இது குத்துமதிப்பு இல்லை. மூன்று கிழமையாகப் போனில் நேரம் பிடித்து எழுதி வைத்திருந்தேன். "கூட்டுதல், 40 நிமிடம், 167 கலோரி." அந்த 167 கலோரியை நம்பி நான் சாப்பிட்ட பணிஸ்களின் கதைதான் இந்தப் பதிவு.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது 43. உயரம் 158 சென்ரிமீற்றர். கணக்குத் தொடங்கிய அன்று நிறை 76 கிலோ. வீடு பரந்தனுக்குக் கிட்ட, வேலை கிளிநொச்சி நகரத்தில். வேலை என்றால் கதிரை, மேசை, கோப்பு, இடைக்கிடை தேத்தண்ணி. பிரஷர் பார்க்கப் போன இடத்தில் தாதி ஒருவர் நிறையையும் உயரத்தையும் வைத்து உடற்திணிவுச் சுட்டியை (BMI) கணக்குப் போட்டு, "முப்பதைத் தாண்டுது அக்கா" என்றார். ஆசிய உடம்புக்கு 23க்கு மேலேயே கவனமாக இருக்க வேண்டும், 27.5க்கு மேல் ஆபத்து கூட என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழு 2004இல் சொன்ன அளவு. நான் அந்த இரண்டையும் எப்போதோ கடந்து போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் என் போனில் கலோரி எண்ணுகிற ஒரு செயலியைப் போட்டுத் தந்தாள். வயது, உயரம், நிறை எல்லாம் கேட்டது. சரி. அதற்குப் பிறகு கேட்ட கேள்வியில்தான் நான் சறுக்கினேன். நாளாந்தம் எவ்வளவு அசைவீர்கள்? பெரும்பாலும் இருந்த இருப்பா, கொஞ்சம் நடமாட்டமா, சுறுசுறுப்பா, கடும் வேலையா?

யோசித்துப் பார்த்தேன். கந்தோரில் எட்டு மணித்தியாலம் இருந்த இருப்புத்தான். ஆனால் விடிய நாலரைக்கு எழும்பினால் பிட்டுக்கு மா குழைப்பது, தேங்காய் திருவுவது, கோழிக்குத் தீன், முற்றம், உடுப்பு. பின்னேரம் வந்தால் பயற்றங்கொடிக்குத் தண்ணீர், திரும்பவும் குசினி. இவ்வளவும் செய்கிற மனுசி "இருந்த இருப்பு" என்று எழுதினால் அது எனக்கே செய்கிற துரோகம் போல இருந்தது. "சுறுசுறுப்பு" என்று அமத்தினேன். மகள் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அப்போது விளங்கவில்லை.

அந்த ஒரு அமத்தலில் எவ்வளவு கலோரி கூடியது என்று பிறகு ஒரு நாள் கொப்பியும் பேனையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இப்படியான செயலிகள் பல 1990இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாட்டைத்தான் பாவிக்கின்றன. பெண்ணுக்கு: நிறையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி, கடைசியில் 161ஐக் கழி. எனக்கு 1,372 வந்தது. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் உடம்பு எரிக்கிற அளவு இது. இதை அசைவுக்குத் தக்கபடி பெருக்குகிறார்கள். இருந்த இருப்புக்கு 1.2, கொஞ்சம் நடமாட்டத்துக்கு 1.375, சுறுசுறுப்புக்கு 1.55. முதலாவதில் எனக்கு 1,646. மூன்றாவதில் 2,126. வித்தியாசம் 480. நிறை குறைக்க விரும்புகிறவர் நாளுக்கு 500 குறைத்துச் சாப்பிடுங்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அந்த 500ஐக் கிட்டத்தட்ட முழுதாக, ஒரு கேள்விக்கு ரோசத்தில் பதில் சொல்லியே நான் விழுங்கிவிட்டேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. செயலியில் "பயிற்சி" என்று இன்னொரு பக்கம் இருந்தது. அங்கே போய்த் தேடினால் கூட்டுதல் இருக்கிறது, தோட்ட வேலை இருக்கிறது, சமையல்கூட இருக்கிறது. எனக்குப் புளுகம் தாங்கவில்லை. கூட்டினது 167. பின்னேரம் வாய்க்கால் கரையால் 45 நிமிடம் நடந்தது 200. இரண்டையும் எழுத, செயலி அந்த 367ஐயும் சாப்பாட்டுக் கணக்கில் திருப்பித் தந்தது. 2,126இல் 500 போக 1,626, அதோடு 367. ஆக, 1,993 கலோரி சாப்பிடலாம் என்றது. நானும் சாப்பிட்டேன். மூன்று கிழமை முடிய நிறை 76.2.

கூட்டுதல் "சுறுசுறுப்பு" என்ற சொல்லுக்குள் ஒரு தரம் எண்ணப்பட்டுவிட்டது. அதைத் திரும்பவும் பயிற்சி என்று எழுதினேன். ஒரே நெல்லை இரண்டு பேருக்கு விற்ற கதை.

வாய்க்கால் கரை நடையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரணைமடுவில் இருந்து தண்ணீர் திறந்துவிட்டால் வாய்க்கால் ஓரம் குளிர்மையாக இருக்கும், கொக்கு நிற்கும், வயலுக்குள் பச்சை. நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் வன்னியில் ஒரு பெண் காரணம் இல்லாமல் நடந்தால் அது ஊர்ச்செய்தி. முதல் நாள் உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர் நிற்பாட்டிக் கேட்டார்.

"என்ன பிள்ளை, ஸ்கூட்டி பழுதே?"

"இல்லை அண்ணை, சும்மா நடக்கிறன்."

"சும்மாவோ?"

அவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். வீட்டில் என்ன பிரச்சினையோ என்று நினைத்திருப்பார்.

அந்த நடையின் 200 கலோரியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உடல் வேலைகளை "மெட்" என்ற அலகில் அளக்கிறார்கள். சும்மா இருந்தால் 1 மெட், அதாவது உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. கூட்டுவது 3.3 அளவில், ஓரளவு விறுவிறு நடை 3.5 அளவில். 76 கிலோ உடம்பு முக்கால் மணித்தியாலம் நடந்தால் 200 என்பது சரி. ஆனால் அந்த முக்கால் மணித்தியாலமும் நான் செத்தா கிடந்திருப்பேன்? நடக்காமல் கதிரையில் சும்மா இருந்திருந்தாலே 57 போயிருக்கும். குசினியில் நின்று கறி வைத்துக்கொண்டிருந்தால், அது 2 மெட் அளவு என்று வைத்துக்கொள்வோம், 114 போயிருக்கும். ஆக நடையால் உண்மையில் கூடுதலாகப் போனது 86. எழுதினது 200.

86 கலோரி என்றால் என்ன? நான் குடிக்கிற தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி, கும்பமாக. நிறுத்துப் பார்த்தேன், 10 கிராம். சீனி கிராமுக்கு 4 கலோரி. இரண்டு தேத்தண்ணியில் வாய்க்கால் கரை நடை முடிந்தது. கந்தோரில் மட்டும் நாளுக்கு மூன்று குடிப்பேன்.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டு அக்காவைக் கொண்டுவர வேண்டும். அவருக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் நடக்கச் சொன்னதற்கு, "நாள் முழுக்க வீட்டுவேலை செய்யிறன், அது காணாதோ?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் நூறு பெண்களைக் கேட்டால் தொண்ணூறு பேர் இதைத்தான் சொல்வார்கள், நானும் சொன்னேன். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் அசைவு வேண்டும் என்கிறது. அந்த அசைவு விளையாட்டாக இருக்கலாம், வேலைக்குப் போய்வருவதாக இருக்கலாம், வீட்டு வேலையாகவும் இருக்கலாம் என்றும் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் அக்கா சொல்வது சரி. இதயத்துக்கும் இரத்தத்தில் இருக்கிற சீனிக்கும் அவர் உரல் இடித்ததும் கணக்குத்தான்.

ஆனால் நிறை குறைகிற கணக்கு வேறு. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. விளங்கிய நாள் நல்ல ஞாபகம். விளக்குமாறும் கையுமாக வேம்படியில் நிற்கிறேன். 15 வருடமாக இந்த முற்றத்தைக் கூட்டுகிறேன். கூட்டிக் கூட்டித்தானே 76 கிலோவுக்கு வந்தேன்? இந்தக் கூட்டல் என்னை மெலிய வைக்கும் என்றால் எப்போதோ வைத்திருக்க வேண்டும். என்னுடைய நிறை ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், நான் சாப்பிடுவதும் செலவழிப்பதும் சமம் என்று பொருள். அந்தச் செலவுக்குள் முற்றம் இருக்கிறது, திருவலை இருக்கிறது, பயற்றங்கொடி இருக்கிறது. நேற்றுவரை செய்த வேலை எல்லாம் நேற்றைய நிறைக்குள் அடக்கம். நேற்றைக்கு மேலதிகமாக எதைச் செய்தேன், நேற்றையைவிட எதைக் குறைத்தேன் என்பது மட்டும்தான் புதுக் கணக்கு.

2022ஐ நினைத்தால் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அந்த வருடம் ஆனி, ஆடி மாதங்களில் நாட்டில் பெற்றோல் இல்லை. நிரப்பு நிலையத்துக்கு முன்னால் நாட்கணக்கில் வாகன வரிசை. கியூஆர் முறை வந்து, ஸ்கூட்டிக்குக் கிழமைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் வரை நான் பழைய லுமாலா சைக்கிளைத் திருத்தி எடுத்து ஏ9 வீதியால் ஓடினேன். ஒரு வழி 6 கிலோமீற்றர். போக அரை மணித்தியாலம், வர அரை மணித்தியாலம். போகும்போது எதிர்க்காற்று. சோளகம் அடிக்கிற காலத்தில் பரந்தன் பக்கம் சைக்கிள் ஓடினவர்களுக்குத் தெரியும், மிதித்துக்கொண்டே நிற்கிற மாதிரி இருக்கும். மூன்று மாதத்தில் எனக்கு 4 கிலோ குறைந்தது. அப்போது நான் கலோரி எண்ணவில்லை, மெலியவும் நினைக்கவில்லை. மா விலையும் தேங்காய் விலையும் போன போக்கில் சாப்பாடும் குறைந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் நாளுக்கு ஒரு மணித்தியாலச் சைக்கிள், 4 மெட் என்று பார்த்தால், 300 கலோரி. ஸ்கூட்டியில் குந்தியிருந்த நேரத்தைக் கழித்தாலும் இருநூறுக்கு மேல் மிச்சம். ஒவ்வொரு வேலை நாளும். அதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை. "சரியான கரைச்சல்" என்றுதான் சொன்னார்கள்.

பெற்றோல் வந்தது. அடுத்த வருடக் கடைசிக்குள் அந்த நான்கு கிலோவும் திரும்பி வந்தது, கூட ஒன்றைக் கூட்டிக்கொண்டு.

எங்கள் அப்பா அம்மா காலத்து வன்னி இதைவிடப் பெரிய பாடம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோல் கண்ணில் படாத காலம், மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மற்றவர்கள் எல்லாம் சைக்கிள். நெல் மூட்டை, விறகு, வருத்தக்காரர், பொம்பிளை மாப்பிளை எல்லாம் சைக்கிளில்தான். கிணற்றில் அள்ளிக் குளிப்பது, நெல் அருவி வெட்டுவது, சூடு அடிப்பது எல்லாம் உடம்பால். இப்போது சுவிச்சைப் போட்டால் தண்ணீர், மெசின் வந்தால் அரை நாளில் வயல் வெறுமை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. தண்டு வலியோடு அருவி வெட்டின அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் சோற்றுக் கோப்பை மட்டும் அருவி வெட்டின காலத்து அளவிலேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் இப்போதும் அதே அகப்பை.

இதற்கு எங்கள் பக்கத்து ஆராய்ச்சி ஒன்றே இருக்கிறது. 1956இல் ழான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் மேற்கு வங்கத்தில், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு சணல் ஆலையில் 213 தொழிலாளர்களின் சாப்பாட்டையும் நிறையையும் பார்த்தார்கள். கடும் வேலை செய்தவர்கள் கூடச் சாப்பிட்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். வேலை இலகுவாக ஆக ஆகச் சாப்பாடும் குறைந்து வந்தது. ஆனால் கடைசிப் படியில், கடையில் குந்தியிருப்பவர்கள், கணக்கர்கள் என்று வருகிற இடத்தில், சாப்பாடு குறையாமல் திரும்பவும் ஏறியது. நிறையும் ஏறியது. அசைவு ஒரு அளவுக்குக் கீழே போனால் பசி அதற்கு ஏற்றபடி இறங்கி வருவதில்லை. அதை வாசித்தபோது என் மேசையையும் கோப்புகளையும் தேத்தண்ணிக் கோப்பையையும் யாரோ படம் பிடித்தது போல இருந்தது.

நாளாந்த அசைவு சின்ன விசயம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துவிட வேண்டாம். அது பெரிய விசயம். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவைனும் மற்றவர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 16 பேருக்கு எட்டுக் கிழமை, நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்புக்கூட ஏறவில்லை. இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல் ஏறியது. வித்தியாசம் பயிற்சியில் இல்லை. எழும்புவது, நிற்பது, நடமாடுவது, கையைக் காலை ஆட்டுவது என்று தங்களை அறியாமல் செய்த அசைவில்தான் இருந்தது. பயிற்சி அல்லாத இந்தச் செலவுக்கு "நீட்" (NEAT) என்று பெயர். ஒரு இடத்தில் இருக்க மாட்டாத ஆட்களை எங்கள் ஊரில் "காலில சில்லுப் பூட்டினது" என்போம். என் அம்மா அப்படி. அறுபத்தெட்டு வயது, 45 கிலோ. அவர் இருந்து சாப்பிட்டு நான் கண்டதில்லை.

ஆக இதுதான் குழப்பம். முக்கால் மணித்தியால நடையைவிட மீதி நாள் முழுவதும் செய்கிற அசைவு பெரிது. ஆனால் அந்தப் பெரிய பங்கைத்தான் ஒழுங்காக அளக்க முடியாது. பயிற்சிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. முற்றத்துக்கும் குசினிக்கும் நடுவில் நடந்ததை யார் எண்ணுவது?

கைக்கடிகாரம் எண்ணும் என்று நினைத்தேன். கனடாவில் இருக்கிற தம்பி ஒன்றை அனுப்பியிருந்தான். கட்டின முதல் நாள் விடிய, தேங்காய் திருவி முடித்துப் பார்த்தால் 410 காலடி நடந்திருக்கிறேனாம். நான் திருவலையில் குந்தியிருந்து ஒன்றரைத் தேங்காய் திருவினேன், அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கை கிரவல் வீதி. ஸ்கூட்டி குலுங்குகிற குலுக்கத்துக்கும் அடி ஏறுகிறது. ஆனால் பின்னேரம் இரண்டு வாளித் தண்ணீரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு பயற்றங்கொடிக்குப் பத்து நடை நடந்தால் ஏறுவதில்லை. கை ஆடாவிட்டால் அதற்கு நடையில்லை. உண்மையில் உடம்பு முறிகிற வேலை அந்த வாளிதான். சும்மா கையை வீசிக்கொண்டு போனால் பாராட்டுகிறது, சுமந்தால் பேசாமல் இருக்கிறது. நாளுக்குப் பத்தாயிரம் அடி என்கிறார்களே, அதுவும் 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க "மான்போ-கெய்" என்று வைத்த பெயரில் இருந்து பரவியதுதான். பத்தாயிரம் அடி மானி என்று பொருள்.

2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு வகைக் கைக்கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே காட்டின. கலோரியில் மட்டும் எல்லாம் கவிழ்ந்தன. அதில் கெட்டிக்காரக் கருவியே சராசரி 27 வீதம் பிழை விட்டது. நான் 400 கலோரி வித்தியாசத்தில் நிறை குறைக்கப் பார்க்கிறேன். அதைவிடப் பெரிய பிழை விடக்கூடிய கருவியைக் கேட்டு எப்படிச் சாப்பிடுவது?

போதாக்குறைக்கு உடம்பும் தன் பங்குக்குக் கணக்கை மாற்றுகிறது. தன்சானியாவில் வேட்டையாடிக் கிழங்கு அகழ்ந்து வாழ்கிற ஹட்சா மக்களை ஹெர்மன் பொன்ட்சரும் மற்றவர்களும் அளந்து 2012இல் எழுதினார்கள். அவர்கள் நாள் முழுக்க நடக்கிறவர்கள். ஆனாலும் உடம்பின் அளவைச் சரிப்படுத்திப் பார்த்தால், அவர்களின் மொத்தச் செலவு அமெரிக்காவில் கதிரையில் இருக்கிறவர்களின் செலவைவிடப் பெரிதாகக் கூடியிருக்கவில்லை. ஒரு பக்கம் கூட்டினால் உடம்பு இன்னொரு பக்கம் சிக்கனம் பிடிக்கிறது என்பது பொன்ட்சரின் விளக்கம். அது எவ்வளவு தூரம் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அனுபவத்தில் தெரிந்தது சின்ன அளவில்: விடிய வேகமாக நடந்த நாட்களில் பின்னேரம் பயற்றங்கொடிப் பக்கம் போகாமல் மகளை அனுப்பியிருக்கிறேன்.

சரி, அப்புறம் என்ன செய்தேன்?

இரண்டு வழி இருக்கிறது. "இருந்த இருப்பு" என்று ஆகக் குறைந்த அளவை வைத்துவிட்டு, செய்கிற வேலையை எல்லாம் தனித்தனியாக எழுதலாம். அல்லது வழமையான நாளை முழுதாக ஒரு அளவுக்குள் போட்டுவிட்டு, பயிற்சிப் பக்கத்தைத் தொடாமலே விடலாம். எதையும் பிடிக்கலாம், இரண்டிலும் கால் வைக்கக் கூடாது. நான் இரண்டாவதைப் பிடித்தேன். முதலாவது வழி, ஓரிடத்தில் இருந்து வேலை செய்து, குறித்த நேரத்தில் ஓடப் போகிறவர்களுக்குப் பொருந்தும். வாளி, விளக்குமாறு, திருவலை என்று எழுதிக்கொண்டிருந்தால் அதுவே ஒரு கந்தோர் வேலை. "கொஞ்சம் நடமாட்டம்" என்று மாற்றினேன்: 1,886. சாப்பாடு 1,500. நடை தொடர்ந்தது, ஆனால் எழுதவில்லை. நடந்ததற்குச் சாப்பாட்டில் கூலி இல்லை என்று முடிவெடுத்தேன்.

ஒரே ஒரு விலக்கு. விசுவமடுவில் சித்தியின் காணியில் கச்சானுக்குக் களை பிடுங்கப் போன இரண்டு சனிக்கிழமைகள். காலை ஆறு மணி தொடங்கி வெயில் ஏறும் வரை குனிந்தபடி. அது வழமையான நாள் இல்லை என்பதால் அன்று பசித்த அளவுக்குச் சாப்பிட்டேன். ஆனால் அங்கேயும் ஒரு பாடம் இருந்தது. சித்தி வறுத்த கச்சான் கொண்டுவந்து வைத்தார். கதைத்துக்கொண்டு கொறித்தது 50 கிராமாவது இருக்கும். கிட்டத்தட்ட 285 கலோரி. ஒரு மணித்தியாலம் களை பிடுங்கினால் போவது 300 அளவில். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நிற்கிற ஒவ்வொரு தரமும் ஒரு சரை வாங்கி, கொழும்பு போய்ச் சேரும் முன் முடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

நிறையை ஒவ்வொரு நாளும் விடிய, வெறும் வயிற்றில் பார்த்து எழுதினேன். ஒரு நாள் எண்ணை நம்பவில்லை, கிழமையின் சராசரியைத்தான் பார்த்தேன். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் வந்த அடுத்த நாள் 1.2 கிலோ கூடிக் காட்டியது. அது உப்பும் தண்ணீரும் வயிற்றில் கிடந்த சோறும். மாதத்தில் சில நாட்கள் பெண்களுக்கு அப்படித்தான் ஏறும், பிறகு தானே இறங்கும். அந்த நாட்களில் தராசைத் தூக்கி எறியாமல் இருப்பதுதான் முக்கியம்.

ஆறு கிழமையில் சராசரி 1.7 கிலோ குறைந்தது. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி என்று வைத்தால், 42 நாளுக்குப் பிரிக்க நாளுக்கு 312 வருகிறது. நான் சாப்பிட்டது 1,500. ஆக என் உடம்பு செலவழித்தது 1,812. சமன்பாடு 1,886 என்றது. 74 வித்தியாசம். எழுத மறந்த சம்பலோ, தொடக்கத்தில் இறங்கின தண்ணீரோ, உடம்பின் சிக்கனமோ, எதுவென்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. முற்றம், குசினி, வாய்க்கால் கரை, கதிரை எல்லாம் அந்த 1,812க்குள் இருக்கின்றன. அடுத்த மாதத்துக்கு அதையே அடியாக வைத்தேன். கைக்கடிகாரத்தை இப்போது நேரம் பார்க்க மட்டும் கட்டுகிறேன்.

சாப்பாட்டுப் பக்கம் நான் எழுதாமல் விட்டவைதான் அதிகம் ஆட்டம் காட்டின. சோறு 100 கிராமுக்கு 130 கலோரி, அது பயப்படுகிற அளவு இல்லை. ஆனால் என் கோப்பையில் இருந்தது 420 கிராம். தேங்காய்ப்பூ 100 கிராமுக்கு 350. பிட்டுக்குப் போடுவது, சம்பலுக்குப் போடுவது, சொதிக்குப் பிழிவது என்று ஒரு நாளில் எங்கள் வீட்டில் தேங்காய் எத்தனை வழியால் வருகிறது என்பதை எழுதத் தொடங்கின பிறகுதான் கண்டேன். திருவினதற்குக் கலோரி எழுதின நான், திருவினதைத் தின்றதற்கு எழுதவில்லை!

சோற்றை நிறுக்கிறதில் ஒரு சங்கடம் இருந்தது. தராசு வாங்கி வந்த அன்று அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். "சோத்தை நிறுக்கிறதோ?" என்று மட்டும் கேட்டார். 2009இல், யுத்தத்தின் கடைசி நாட்களில், எங்களுக்காகக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர் அவர். ஒவ்வொரு வைகாசியிலும் அரிசியும் தண்ணீரும் உப்புமாக அந்தக் கஞ்சியைக் காய்ச்சி வார்க்கிறபோது, ஒரு சிரட்டைக்கு மேல் கேட்கிற பிள்ளைக்கு முதலில் ஊற்றுகிறவர். அவரிடம் போய்ச் சோறு கூடிவிட்டது, குறைக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? கொஞ்ச நாள் அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நிறுத்தேன். பிறகு அவரே ஒரு நாள் பிரஷர் மாத்திரையைக் காட்டி, "இது குறையுமெண்டால் நிறு" என்றார். மகள் அம்மம்மாவுக்கு எண் வாசிக்கப் பழக்கினாள்.

இப்போது இரவில் அவர்தான் எனக்குப் போடுகிறார். கோப்பையைத் தராசில் வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணைப் பார்த்து, 200 வரும் வரை அரை அகப்பை அரை அகப்பையாகப் போடுவார். வந்ததும் தராசை நிற்பாட்டுவார். நிற்பாட்டிவிட்டு, கோப்பையை என் கையில் தருவதற்கு முன் இன்னும் ஒரு அகப்பை.

"இது தராசுக்குத் தெரியாது" என்கிறார்.

60 கிராம். அதையும் எழுதிவைக்கிறேன்.